கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் என்ன உறவு? உயிரினங்களின் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் செடி கொடிகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரியவர்களும் வருவார்கள். செடியின் பெயரைச் சொன்னதும் கேள்விகள் கிளம்பிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நின்றபடி நான் சொல்லும் பதில்கள் பாதியிலேயே நின்றுபோவதால், இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும்தான் தமிழில் பெயர் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்த லத்தீன் பெயர்?

கருவேலமரத்தையே எடுத்துக்கொள்வோம். கருவேலம் நம் நாட்டு மரம். சீமைக் கருவேலம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலிக்காத்தான் என்று சிலர் சொல்வதும் இந்தச் சீமைக் கருவேலத்தைத்தான். ஆக, இரண்டு மரங்களுக்கு ஒட்டிய பெயர், ஒரே மரத்துக்கு இரண்டு பெயர். ‘கருவேலத்தை வெட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் எந்த மரத்தில் கோடரி விழும்?

மருந்துச் செடிகளில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் பூவின் நிறத்தில் மட்டும் வேறுபடும் ஒரே செடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஒரே பேரினம்கூட (நெருங்கிய சொந்தங்களின் கூட்டம்) இல்லை. முதலாவது எக்லிப்டா, இரண்டாவது ஸ்ஃபாக்னெட்டிகோலா. சூரியகாந்திக் குடும்பம் என்ற அளவில்தான் உறவு.

அதற்காக அறிவியல் பெயர் போட்டுவிட்டால் தவறே வராது என்றும் இல்லை. நம் கீழாநெல்லியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நிரூரி அமெரிக்கச் செடி. நம் வயல் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆனால் தவறு நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்ததே ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு விளக்கமும் சான்றும் இருந்ததால்தான்.

அறிவியல் பெயரை எப்படி எழுத வேண்டும்?

இரண்டு சொற்கள். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்தைக் குறிப்பது. மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, இரண்டாவது சொல் முழுவதும் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு. தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லாததால் நமக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பெயருக்குப் பின்னால் சில சமயம் ஓர் ஆளின் பெயரும் ஆண்டும் இருக்கும். முதலில் அந்தப் பெயரை வெளியிட்டவர் அவர். விலங்குகளில் அது அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். புலியை 1758-இல் லின்னேயஸ் ஃபெலிஸ் டைக்ரிஸ் என்று பூனையின் பேரினத்தில் வைத்தார். இன்று அது பாந்தெரா டைக்ரிஸ். அதனால் லின்னேயஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. ஒரு சின்ன அடைப்புக்குறி இவ்வளவு வரலாற்றைச் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த முறையைத் தொடங்கியவர் யார்?

சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் (1707–1778). அவருக்கு முன்பு ஒரு செடியின் பெயர் என்பதே ஒரு முழு வர்ணனையாக இருந்தது. தண்டு எப்படி, இலை எப்படி என்று லத்தீனில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வரை நீளும். புதிதாக ஒரு நெருங்கிய செடி கிடைத்தால், வேறுபாடு காட்டப் பழைய பெயரையும் நீட்ட வேண்டும். லின்னேயஸ் வர்ணனையையும் பெயரையும் பிரித்தார். வர்ணனை எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும், பெயர் இரண்டே சொல். செடிகளுக்கு அவர் 1753-இல் வெளியிட்ட நூலும், விலங்குகளுக்கு 1758-இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பும்தான் இன்றைக்கும் தொடக்கப் புள்ளி. அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது.

அவர் சுவீடனின் உப்சாலா நகரில் உட்கார்ந்துகொண்டு இந்தியச் செடிகளுக்குப் பெயர் வைத்தது எப்படி என்று கேட்பார்கள். கேரளத்தின் இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொன்ன செய்திகளைத் திரட்டி, டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 12 தொகுதிகளாக வெளியிட்ட மலபார்ச் செடிகள் பற்றிய நூல் அவர் கையில் இருந்தது. அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் ஒருவரான யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, இங்கிருந்து செடிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் ‘கோனிகி’ இவர்தான்.

பெயர் வைப்பதும் வகைப்படுத்துவதும் ஒன்றுதானா?

இல்லை. பெயர் என்பது அடையாளம். வகைப்பாடு என்பது யாருக்கு யார் சொந்தம் என்ற கணக்கு. ஆனால் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, ஏனென்றால் பெயரின் முதல் பாதியே ஓர் உறவைச் சொல்கிறது.

நம் பாடநூல்களில் படிநிலைகள் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இறங்கும் (தாவரவியலில் தொகுதிக்குப் பிரிவு, வரிசைக்குத் துறை என்று எழுதுவதும் உண்டு). இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்கிறார்கள். நமக்குப் பேரினம், அவர்களுக்குச் சாதி. இரண்டு நாட்டுக் கட்டுரைகளையும் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தலைப்புக் கேள்விக்கு வருவோம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். கிள்ளி முகர்ந்தால் வரும் மணம் இலையிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருவது, எலுமிச்சை இலையைப் போலவே. வேம்பு வேறு குடும்பம், மலைவேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பம். ஆனால் ஒரு படி மேலே ஏறினால் இரண்டு குடும்பங்களும் சாபிண்டேல்ஸ் என்ற ஒரே துறைக்குள் வருகின்றன. மாவும் முந்திரியும்கூட அங்கேதான். ஆக, கறிவேப்பிலையும் வேப்பிலையும் உடன்பிறப்புகள் இல்லை, தூரத்துப் பங்காளிகள்.

எது எதற்குச் சொந்தம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? தோற்றத்தை வைத்தா?

முதலில் தோற்றத்தைத்தான் பார்த்தார்கள். பூவின் அமைப்பு, பல், எலும்பு, உள்ளுறுப்பு. இன்றும் அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் தோற்றம் ஏமாற்றும். ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்கிற உயிர்கள் ஒரே மாதிரி உருவம் பெற்றுவிடும். திமிங்கிலம் பார்க்க மீன் போல இருந்தாலும் அதற்கு மிக நெருங்கிய உயிருள்ள சொந்தம் நீர்யானை. முதலைக்குப் பல்லியைவிடப் பறவை நெருக்கம். காளான் செடியைவிட விலங்குக்கு நெருக்கம். இப்போது மரபணுக்களை ஒப்பிட்டு, ஒரே மூதாதையிலிருந்து வந்த எல்லாரையும் ஒரே கூட்டத்தில் வைக்கிறார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு. 1838-இல் இதற்கு அறிவியல் பெயர் வந்தது. இமயமலையில் இதைப் போலவே பாறை ஏறும் தார் என்ற விலங்கு இருக்கிறது. பார்க்க ஒத்திருந்ததால் நெடுங்காலம் இரண்டையும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணு ஆய்வு வந்தது. இமயத் தார் வெள்ளாட்டுப் பக்கம், நம் வரையாடு செம்மறிப் பக்கம். இரண்டும் ஒரே பேரினத்தில் இருக்க வழியில்லை. அதனால் வரையாட்டுக்கென்றே நீல்கிரிட்ராகஸ் என்ற பேரினம் உருவானது. உலகத்தில் அந்தப் பேரினத்தில் வேறு யாரும் கிடையாது. அந்தப் பெயரில் உள்ள ‘ட்ராகஸ்’ கிரேக்கத்தில் வெள்ளாட்டுக் கிடா. ஆனால் தமிழில் வெள்ளாடும் ஆடுதான், செம்மறியும் ஆடுதான். ஆய்வு முடிவு எந்தப் பக்கம் போனாலும் ‘வரையாடு’ என்ற பெயர் சரியாகவே நிற்கிறது. இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்படியானால் நம் முன்னோர்களும் வகைப்படுத்தியிருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்திருப்பதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கேயே வரும் இன்னொரு பிரிவு. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்! இன்றைய தாவரவியலிலும் இவை மூன்றும் நெல்லோடும் அறுகோடும் சேர்ந்து ஒருவித்திலைக் கூட்டத்தில் இருக்கின்றன. தண்டை வெட்டிப் பார்த்தவர்களின் கவனிப்பு அது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு என்ற சொற்கள் புல்லுக்கு உரியவை என்றும், இலை, தளிர் என்பவை மரத்துக்கு உரியவை என்றும் அது பிரிக்கிறது. இன்றைக்கும் நாம் தென்னை ஓலை என்கிறோம், மாவிலை என்கிறோம்.

ஆனால் இதை வைத்து நவீன வகைப்பாடு அப்போதே நம்மிடம் இருந்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அதன் நோக்கம் எந்த உயிருக்கு எந்தச் சொல் வரும் என்று காட்டுவது, மூதாதை உறவைத் தேடுவது அல்ல. நோக்கம் வேறாக இருந்தும் கண் அவ்வளவு கூர்மையாக இருந்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெருமைப்படலாம்.

அறிவியல் பெயர் மாறாது என்கிறீர்கள், ஆனால் மாறிக்கொண்டே இருக்கிறதே?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கோபத்தோடும் வரும். பெரும்பாலும் காரணம் இரண்டு.

ஒன்று, உறவு பற்றிய அறிவு மாறுவது. கறிவேப்பிலையை லின்னேயஸ் 1771-இல் பெர்ஜெரா கோனிகி என்று வெளியிட்டார். பின்னால் முர்ராயா பேரினத்துக்கு மாற்றினார்கள். நாம் படித்ததெல்லாம் முர்ராயா கோனிகிதான். மரபணு ஆய்வில் அது மற்ற முர்ராயாக்களிலிருந்து விலகி நின்றதால், இப்போது பலர் பழைய பெர்ஜெராவுக்கே திரும்பிவிட்டார்கள். கவனித்தீர்களா, முதல் சொல் மாறியும் ‘கோனிகி’ அப்படியே கூட வருகிறது. அது விதி.

இரண்டு, விதிகளால் வருவது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் முறைப்படி வெளியானதே செல்லும். அதே போல, ஒரு பேரினம் உடைந்தால் பழைய பெயர் யாருக்கு என்ற சிக்கல் வரும். கருவேலத்துக்கு நடந்தது இது. அக்கேசியா என்ற பேரினத்தின் முன்மாதிரியே நம் கருவேலம்தான். அது பல துண்டுகளாகப் பிரிய வேண்டும் என்று தெரிந்தபோது, ஆஸ்திரேலியாவின் துண்டில் மட்டும் ஏறக்குறைய 1,000 சிற்றினங்கள் இருந்தன. அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட அக்கேசியா என்ற பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு ஏற்றது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பலர் எதிர்த்தார்கள். கருவேலம் இப்போது வாச்செல்லியா நிலோட்டிகா. கணக்குப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் முன்மாதிரி மரமே பெயரை இழந்ததை என்னால் மனசார ஏற்க முடியவில்லை.

வெட்டிவேருக்கும் இப்படித்தான். அதன் பேரினம் வெட்டிவேரியா என்று அச்சு அசல் தமிழ்ச் சொல்லாகவே இருந்தது. நெருங்கிய புற்களோடு சேர்த்தபோது கிரைசோபோகன் ஆகிவிட்டது. இருந்தாலும் பழைய பெயர்கள் அழிவதில்லை. இணைப்பெயர்களாகப் பட்டியலில் இருக்கும். பழைய நூலில் வெட்டிவேரியா என்று பார்த்தவர் இன்றைய பெயரைத் தேடி எடுத்துவிடலாம்.

முன்மாதிரி என்கிறீர்களே, அது என்ன?

ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு மாதிரியைக் காட்டி, ‘இந்தப் பெயர் இதனோடு கட்டப்பட்டது’ என்று சொல்லி அருங்காட்சியகத்திலோ தாவர உலர்மாதிரியகத்திலோ வைக்க வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் உலர்மாதிரியகத்தில் இப்படி அழுத்திக் காயவைத்த செடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் யானையே சாட்சி. 1758-இல் லின்னேயஸ் எலிஃபாஸ் மாக்சிமஸ் என்று பெயர் வைத்தபோது அவர் சான்றாகக் கொண்டவற்றில் ஒன்று சாராயத்தில் பாதுகாத்த ஒரு யானைக் கரு. அது ஆசிய யானைதானா என்று பலருக்குச் சந்தேகம். ஏறக்குறைய 255 ஆண்டுகள் கழித்து, 2013-இல், அதன் புரதங்களை ஆராய்ந்து பார்த்தால் அது ஆப்பிரிக்க யானைக் கரு! அதையே முன்மாதிரியாகப் பிடித்துக்கொண்டால் முதுமலையில் நிற்கும் யானைக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். நல்ல வேளையாக லின்னேயஸ் ஜான் ரே என்ற ஆங்கிலேயரின் குறிப்பையும் சான்றாகக் காட்டியிருந்தார். ரே பார்த்த எலும்புக்கூடு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இன்றும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஆசிய யானைதான். அந்த எலும்புக்கூட்டையே முன்மாதிரியாக அறிவித்தார்கள். பெயர் தப்பியது.

புதிய சிற்றினம் என்று எப்படி அறிவிக்கிறார்கள்?

காட்டில் கண்டுபிடிப்பது சின்ன வேலை. இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்று உறுதி செய்வதுதான் பெரிய வேலை. நெருங்கிய சிற்றினங்களின் விளக்கங்களை எல்லாம் படித்து, முன்மாதிரிகளோடு ஒப்பிட்டு, அளந்து, இப்போது மரபணுவையும் பார்த்து, எந்த வகையில் வேறு என்று எழுதி வெளியிட வேண்டும். செடிகளுக்கு அந்த விளக்கம் லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்ற விதி தளர்ந்து, 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

2003-இல் இடுக்கிப் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளை ஒரு பெரிய செய்தி. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வாழும் இது எந்தக் குடும்பத்திலும் அடங்காமல், இதற்கென்றே ஒரு குடும்பம் உண்டாக்க வேண்டியிருந்தது. நெருங்கிய சொந்தங்கள் செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒட்டியிருந்த காலத்தின் மிச்சம். 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து இதன் உறவான இன்னொரு சிற்றினம் அறிவிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் சூட்டப்பட்டது.

கண்ணெதிரே இருப்பதும் புதிதாக இருக்கலாம். ஆனைமலைப் பெயரோடு 19-ஆம் நூற்றாண்டில் அறிவிக்கப்பட்ட ஒரு காட்டுப் பல்லி, திராவிடோகெக்கோ என்ற பேரினத்தில் நெடுங்காலம் தனியாளாக இருந்தது. 2019-இல் அலசிப் பார்த்தால் ஒன்றல்ல, ஏழு சிற்றினங்கள்.

தமிழ்ச் சொல்லில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. லத்தீன் போல எழுதினால் போதும். முருங்கையின் பேரினம் மொரிங்கா, நம் முருங்கைதான். புங்க மரத்தின் பொங்காமியாவும் அப்படியே. இப்போது சொன்ன ஏழு பல்லிகளில் ஒன்றின் பெயர் தொல்பல்லி, அதாவது தொன்மையான பல்லி. இன்னொன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால் ஜானகியே. இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

விதி தடுக்கவில்லை, ஆனால் பொதுவாக யாரும் செய்வதில்லை. அழகில்லை.

மல்கோவாவும் பங்கனப்பள்ளியும் தனித்தனிச் சிற்றினங்களா?

இல்லை, இரண்டும் ஒரே மாஞ்சிஃபெரா இண்டிகா. மனிதர்கள் தேர்ந்து வளர்த்த ரகங்கள். கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், புரோக்கோலி நான்கும்கூட ஒரே சிற்றினம்தான், நம்பக் கஷ்டமாக இருக்கும். பொதுவாக, தங்களுக்குள் கூடி, இனப்பெருக்கம் செய்யக்கூடிய சந்ததியைத் தருபவை ஒரு சிற்றினம் என்பார்கள். குதிரையும் கழுதையும் கூடிக் கோவேறு கழுதை பிறக்கும், ஆனால் அதற்குக் குட்டி பிறப்பது மிக மிக அரிது. இந்த வரையறை பாக்டீரியாவுக்கு உதவாது, புதைபடிவங்களுக்கும் உதவாது. எல்லா உயிருக்கும் பொருந்தும் ஒரே வரையறை இல்லை.

இதுவரை எத்தனைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்?

ஏறக்குறைய 20 லட்சம். 2011-இல் வந்த ஒரு மதிப்பீடு, பாக்டீரியா போன்றவற்றை விட்டுவிட்டே, 87 லட்சம் சிற்றினங்கள் இருக்கலாம் என்றது. பெயர் பெறுவதற்கு முன்பே காட்டோடு சேர்ந்து அழிந்துபோவது எத்தனையோ. அதை நினைத்தால்தான் வேதனை.

இழிவான பெயர்களை மாற்ற முடியுமா?

நெடுங்காலம் முடியாது என்றுதான் சொல்லிவந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவாகச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற சொல் 200-க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களில் இருந்தது. 2024-இல் மாட்ரிட் மாநாட்டையொட்டி நடந்த வாக்கெடுப்பில் அதை ‘ஆஃப்ரா’ என்று மாற்ற முடிவானது. ஓர் எழுத்துதான் போகிறது, பொருள் ‘ஆப்பிரிக்காவின்’ என்றாகிவிடுகிறது. செய்ய வேண்டிய மாற்றம் இது.

பெயர் தெரியாத செடியைப் பார்த்தால் நான் என்ன செய்வது?

பிடுங்காதீர்கள். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் இடம், பூவை முன்னாலும் பக்கவாட்டிலும், காய் இருந்தால் காய், இத்தனையும் படம் எடுங்கள். பூ மட்டும் அழகாக எடுத்து அனுப்புபவர்கள்தான் அதிகம். அதை வைத்துப் பல சமயம் பேரினத்தைக்கூடச் சொல்ல முடியாது. எங்கே, எந்த மாதம், ஈரமான இடமா, வறண்ட இடமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் முதல் பெயரை மட்டும் நம்பி எதையும் சமைத்துவிட வேண்டாம். அப்புறம், பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர் இருந்தால் அவர் அந்தச் செடியை என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டு, அதையும் ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.